நாடா தேய்ந்தால் தறியை எறிவதா?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கியது. அதன் வழியே நம் அக்காமார் பெற்ற கணினிகள் இன்று பரணிலே பழைய துணிமூட்டைகளுக்கு நடுவே உறங்குகின்றன. "ஆமை வேகம், காயலான் கடைக்குப் போடு" என்பதே வீட்டாரின் தீர்ப்பு. அத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

மெதுவானது எது? கணினி முழுவதுமா? பெரும்பாலும் அதன் ஹார்டு டிஸ்க் மட்டுமே. அதனுள்ளே தட்டு ஒன்று நிமிடத்திற்கு 5400 முறை சுழல, மெல்லிய கை ஒன்று அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் செய்த முதல் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது இருந்தன. அத்தனையும் சேர்ந்து ஏற்றது 50 இலட்சம் எழுத்துகளே! உருவம் சுருங்கிற்று, சுழலும் முறை மட்டும் மாறவில்லை. ஓடும் பொருள் தேயாதிருக்குமா? நம் அம்மாபேட்டையில் நாடா தேய்ந்தால் நாடாவைத்தானே மாற்றுகிறோம்! தறியையா விறகாக்குகிறோம்?

எஸ்.எஸ்.டி. என்பதில் சுழல்வது எதுவுமில்லை. கைப்பேசியின் மெமரி கார்டில் உள்ளது போன்ற சில்லுகளே உள்ளன. ஒரு தகவலைத் தேட ஹார்டு டிஸ்க் எடுக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்கே இதற்குப் போதும். இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி., பழையது இருந்த இடத்திலேயே பொருந்தும். விலையோ புதுக் கணினியின் விலையில் சிறு பங்கு. அடுத்த ஆண்டு கணினிப் பிரிவை விரும்பும் தோழியர் எத்தனை பேர்! தறிக்கூலியில் புதுக் கணினி வாங்க எல்லார் வீட்டிலும் இயலுமா?

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-உடன் பொதுவாக நின்றுவிட்டதே என்பீர்கள். உண்மைதான், விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதுமில்லை. ஆனால் லினக்ஸ் இருக்கிறதே! சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அரசு தந்த கணினிகள் பலவற்றில் முன்பே இருந்தது. நாம்தான் திறந்து பார்த்ததில்லை. திரை உடைந்து, பலகையும் பழுதான கணினிக்கு எஸ்.எஸ்.டி. மருந்தாகாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்று மிக முக்கியம். மாற்றுமுன் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறிடத்தில் நகலெடுக்க வேண்டும். பழைய டிஸ்க்கை அப்படியே எடைக்குப் போடலாகாது. 'டெலீட்' செய்த குடும்பப் படங்களை மீட்டெடுக்க வல்லவர்கள் உண்டு. முழுவதும் அழித்த பின்னரே அது நம் கையை விட்டுப் போகவேண்டும்.

கணினி பழுதானால் வீட்டில் அண்ணனைத்தான் அழைக்கிறார்கள். அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பிணைக்கும் தாய்மாரின் மகளிர் நாம்; நாலைந்து திருகுகளைக் கழற்ற நமக்குத் தெரியாதா? கோடை விடுமுறைக்கு முன் கணினி ஆசிரியையின் முன்னிலையில் இதைச் செய்து பழக ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு தலைமை ஆசிரியை சிஸ்டர் அவர்களைப் பணிவுடன் வேண்டுகிறோம். பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிக் கொண்டுவருவது எங்கள் பொறுப்பு.

— பத்தாம் வகுப்பு மாணவி