அது எருமை அல்ல!



உங்களில் பலர் ஏற்காட்டுக்குச் சுற்றுலா சென்றிருப்பீர்கள். செம்மநத்தம் போன்ற மலைச் சிற்றூர்ப் பக்கம், காட்டோரத்தில் கரிய பெரிய விலங்கு ஒன்றைக் கண்டால், “அதோ காட்டெருமை!” என்று கூவுவீர்கள் அல்லவா? உண்மையில் அது எருமையே அல்ல.

காட்டில் வாழும் எருமைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ‘அனோவா’ என்ற குட்டை எருமை வாழ்கிறது. அதன் உயரம் சுமார் மூன்றடிதான். நேரான கொம்புகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அடர்ந்த காட்டில் தனியாகவோ இணையாகவோ திரியும். இலைகளையும் உதிர்ந்த கனிகளையும் தின்னும், சேற்றில் புரளும். காடழிப்பாலும் வேட்டையாலும் இன்று அது அருகிவிட்டது.

நம் சேர்வராயன் மலை விலங்கு இதற்கு நேர்மாறானது. சுமார் ஆறடி உயரம் வளரும். பெரிய காளையின் எடை ஒரு டன்னை எட்டும். கால்களின் கீழ்ப்பகுதி வெள்ளைக் காலுறை அணிந்தாற்போல் இருக்கும். கூட்டமாக மேயும், எருமையைப் போலச் சேற்றில் ஊறிக் கிடக்காது. விலங்கியலார் இதை எருமையின் பேரினமான ‘புபாலஸ்’ஸில் சேர்க்கவில்லை; பசுவின் பேரினமான ‘பாஸ்’ஸில் சேர்த்திருக்கிறார்கள். நம் முன்னோரும் காட்டுப்பசுவை ‘ஆமா’ என்றனர். ‘ஆ’ என்றால் பசு. ஆகவே ‘காட்டுமாடு’ என்பதே இதற்குப் பொருத்தமான பெயர்.

“எப்படி அழைத்தால் என்ன?” என்று கேட்பீர்கள். 1968-ஆம் ஆண்டில் முதுமலைப் பகுதியில் வெக்கை நோய் பரவியபோது காட்டுமாடுகள் பெருமளவில் மடிந்தன. அது வீட்டு மாடுகளைக் கொன்றுவந்த நோய். 2011-இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டது. ஆனால் கோமாரி நோய் இன்னும் இருக்கிறது. அது காட்டுமாட்டையும் தாக்கும். எருமைக்கும் இந்நோய்கள் வரும் என்பது உண்மையே. எனினும், ‘காட்டுமாடு’ என்று சொல்லும்போது அது நம் தொழுவத்துப் பசுவின் உறவு என்பது மறப்பதில்லை.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுமாட்டை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. ஆனால் நோயைச் சட்டத்தால் தடுக்க முடியாது. காட்டோர ஊர்களில் மாடுகளுக்குத் தவறாமல் தடுப்பூசி போடுவதும், நோயுற்ற மாட்டைக் காட்டில் மேய விடாதிருப்பதும் காட்டுமாட்டைக் காக்கும் வழிகள் என்பதே என் கருத்து. உங்கள் வீட்டில் மாடு இருந்தால், அதற்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று இன்றே கேளுங்கள்!