பாடகரோட செல்ஃபி, நாயனக்காரருக்குக் கடைசிப் பந்தி

கொஞ்ச நாளா மனசுல அரிச்சுக்கிட்டே இருக்கிற சமாச்சாரம் இது. எழுதினா நாலு பேர் திட்டுவாங்கன்னு தெரியும். முதல் திட்டு எனக்குத்தான் விழணும்கிறதால தைரியமா ஆரம்பிக்கிறேன்.

சேலத்துல இருந்து நாமக்கல் போற ரோட்டுல ஒரு ஓட்டல். நாங்க கிளாஸ்மேட்ஸ் அஞ்சு பேர் மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். கார்ல இருந்து ஒரு சினிமாப் பாடகர் இறங்கி வந்தாரு. பேரு வேணாம், உங்க எல்லாருக்கும் தெரிஞ்சவர்தான். எங்கயோ கச்சேரிக்குப் போற வழி போல. ஓரமா ஒரு டேபிள்ல உக்காந்து சாப்பாடு சொன்னாரு.

ரசம் சாதம் பிசையுற வரைக்கும்தான் அவருக்கு நிம்மதி. ஒரு பையன் போய் "சார், ஒரே ஒரு செல்ஃபி"ன்னான். சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சாரு. அடுத்து ஒரு குடும்பம். அடுத்து சர்வர் ரெண்டு பேர். அடுத்து நாங்க. பத்து நிமிஷத்துல ஒரு வரிசையே நின்னுடுச்சு. மனுஷன் எச்சில் கையைத் தூக்கிப் பிடிச்சபடி ஒவ்வொருத்தர் தோள் பக்கத்துலயும் நின்னாரு. கடைசியில மோர்கூட ஊத்திக்காம கை கழுவிட்டுக் கிளம்பிட்டாரு.

என் போன்ல அந்தப் போட்டோ இன்னும் இருக்கு. நல்லாப் பாத்தா அவர் வாயை மூடிக்கிட்டுச் சிரிக்கிறது தெரியும். வாய்க்குள்ள சோறு இருந்திருக்கு. ஒருத்தரை முழுங்கக்கூட விடாம எடுத்த படத்துக்கு நான் வெச்ச தலைப்பு, "என் ஆதர்சப் பாடகருடன் ஒரு சந்திப்பு". அதைத்தான் இப்ப கேக்குறேன். அது சந்திப்பா?

என் கட்சி இதுதான் மக்களே. நமக்குப் பிடிச்ச இசைக்கலைஞரை நேர்ல பாக்கும்போது நாம தேடுறது இசையை இல்ல, பிரபலத்தை. நிஜமாவே இசைதான் பிடிக்கும்னா, வருஷத்துக்கு அம்பது தடவை நம்ம கண்ணு முன்னாடியே இசைக்கலைஞர்கள் வந்து போறாங்க. அவங்கள நாம எப்படி நடத்துறோம்னு பாத்தாலே நம்ம ரசிகத்தனம் வெளுத்துடும்.

முதல்ல பிரபலம் கதையை முடிச்சுடுவோம். 2018 மே மாசம் தேசிய விருது வாங்க டெல்லி போயிருந்த கே.ஜே. யேசுதாஸ், பக்கத்துல வந்து செல்ஃபி எடுத்த ஒருத்தர் கையைத் தட்டிவிட்டு, படத்தை அழிச்சாரு. அந்த வீடியோவை நாடே பாத்தது. "எவ்வளவு திமிர்"னு பாதிப்பேர் திட்டினாங்க. அப்ப அவருக்கு 78 வயசு. 1960-கள்ல இருந்து பாடிக்கிட்டு இருக்கிற மனுஷன். கையைத் தட்டிவிட்டதை நான் பெருமையாச் சொல்ல வரல. ஆனா கேக்காமலே ஒருத்தர் முகத்துக்குப் பக்கத்துல முகத்தை வெச்சுப் படம் எடுத்ததை அன்னிக்கு எத்தனை பேர் தப்புன்னு சொன்னோம்?

"அட, நாம கேக்குறதாலதான அவங்க ஸ்டார்? இது அன்புதானப்பா"ன்னு என் நண்பன் வாதம் பண்றான். சரி. டிக்கெட் வாங்கினோம், கேசட்டோ சிடியோ வாங்கினோம், இப்ப மாசாமாசம் ஆப்புக்குக் கட்டுறோம். அதுக்குப் பாட்டு கிடைச்சாச்சு. கணக்கு அங்கயே நேராயிடுச்சு. மத்தியானச் சோறு எந்தக் கணக்குல வருது? அன்புன்னு சொன்னா அன்புக்குப் பேச ஏதாச்சும் இருக்கணும். அந்த வரிசையில நின்ன யாரும் அவர் பாடின ஒரு பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல. "சார், இந்தப் பக்கம் பாருங்க" மட்டும்தான்.

நமக்குப் பிடிச்சிருக்கிறது பாட்டா, பிரபலமாங்கிறதுக்கு அமெரிக்காவுல ஒரு சோதனையே வெச்சுப் பாத்திருக்காங்க. 2007 ஜனவரி 12, வாஷிங்டன்ல ஒரு மெட்ரோ ஸ்டேஷன். உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஜோஷுவா பெல், தொப்பியும் ஜீன்ஸும் போட்டுக்கிட்டு, 1713-ல் செஞ்ச ஸ்ட்ராடிவேரியஸ் வயலினை எடுத்து 43 நிமிஷம் வாசிச்சாரு. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையோட ஏற்பாடு. கடந்து போனவங்க 1,097 பேர். கொஞ்ச நேரமாச்சும் நின்னு கேட்டவங்க 7 பேர். அடையாளம் கண்டுபிடிச்சது ஒரே ஒரு அம்மா. பெட்டியில விழுந்தது சுமார் 32 டாலர். மூணு நாள் முன்னாடி பாஸ்டன்ல அதே ஆளோட கச்சேரிக்கு நல்ல சீட் 100 டாலர். அதே கை, அதே வில்லு. மேடையும் பேனரும் மட்டும்தான் இல்ல.

ஆபீஸ் அவசரத்துல யாரு நிப்பாங்கன்னு கேக்கலாம். நியாயம்தான். ஆனா ஓட்டல்ல ரசம் சாதத்துக்கு முன்னாடி வரிசையில நின்னவங்களுக்கும் ஆபீஸ் இருந்துச்சு :)

நம்ம ஊருக்கு வருவோம். "தில்லானா மோகனாம்பாள்" (1968) பாக்காத வீடு உண்டா? நாயனம்னதும் சிவாஜி கன்னத்தை உப்பிக்கிட்டு ஊதுறதுதான் கண்ணுல நிக்கும். நாம கேட்ட சத்தம் மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி சகோதரர்களோடது. "கொஞ்சும் சலங்கை"யில (1962) எஸ். ஜானகி குரலுக்கு ஈடு கொடுத்து வாசிச்சது காருகுறிச்சி அருணாசலம். இவங்க படத்தை மட்டும் காட்டி யாருன்னு கேட்டா நம்மில் எத்தனை பேர் சொல்லுவோம்?

எங்க அப்புச்சி சொல்லுவாரு. டி.ஆர். சுந்தரம் 1935-ல் ஆரம்பிச்ச மாடர்ன் தியேட்டர்ஸ் சேலம் ஏற்காடு ரோட்டுல ஓஹோன்னு நடந்த காலத்துல, ஊரே கேட்டுக்கு வெளிய நின்னு நடிகருங்க காரை வேடிக்கை பாக்குமாம். வாத்தியப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நடந்து போறவங்களுக்கு யாரும் ஒதுங்கிக்கூட வழி விட மாட்டாங்களாம். "மந்திரி குமாரி" (1950) மாதிரிப் படத்துக்கு ஜி. ராமநாதன் இசையமைச்ச இடம் அது. இப்ப அங்க மிச்சம் முகப்பு வளைவுதான். நம்ம புத்தியும் அப்படியேதான் மிச்சம் இருக்கு.

இனிமேதான் என் மேலயே நான் போடுற கேஸ்.

ஓட்டல் சமாச்சாரம் நடந்து ஒரு வாரம் இருக்கும். புது பஸ் ஸ்டாண்டுல நாமக்கல் பஸ் ஏறி ஜன்னல் சீட் பிடிச்சுட்டேன். காதுல இயர்போன், இளையராஜா பாட்டு. மல்லூர் தாண்டி ஒரு பெரியவர் ஏறி என் சீட்டுக்குப் பக்கத்துல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. தோள்ல நீளமா ஒரு துணி உறை. எங்கயோ பாத்த முகம். ஆண்டகளூர் கேட் வர்றப்பதான் உறைச்சுது. தை மாசம் பெரியப்பா பொண்ணு கல்யாணத்துல நாயனம் வாசிச்சவர்.

அந்தக் கல்யாணத்துச் செலவு நோட்டு எழுதினது நான்தான் (பி.காம் படிக்கிறவனுக்கு வீட்டுல வேற என்ன வேலை குடுப்பாங்க?). பூ அலங்காரம், டிரோன் கேமரா, டிஜே, கேரளாவுல இருந்து செண்டை மேளம். கேட்ட தொகையை அப்படியே குடுத்தோம். பெரியப்பா பேரம் பேசினது நாயனம், தவில் செட்டுக்கு மட்டும். நாமக்கல்லுல முட்டைக்கே தினமும் விலை அறிவிச்சு, அந்த விலைக்கு ஒரு மரியாதை இருக்கு. நாயனக்காரர் சொன்ன விலைக்கு இல்ல.

வரவேற்பு அன்னிக்கு அவர் வாசிக்க ஆரம்பிச்சதும் டிஜே ஸ்பீக்கரை டெஸ்ட் பண்ணாங்க. பாதியில நிறுத்திட்டுச் சும்மா உக்காந்திருந்தாரு. மறுநாள் சாப்பாட்டுக்கு "மேளக்காரங்க கடைசியில பாத்துக்கலாம்"னு யாரோ சொன்னாங்க. கடைசிப் பந்தியில பாயசம் தீந்துபோச்சு. இதெல்லாம் அப்ப எனக்கு ஒரு விஷயமாவே படல.

பஸ்ஸுல எந்திரிச்சு இடம் குடுத்தேன்னு எழுத ஆசைதான். புதுச்சத்திரம் தாண்டுற வரைக்கும் நான் எந்திரிக்கல. அடையாளம் தெரியாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அதுக்கப்புறம் மனசு கேக்காம எந்திரிச்சு, "உக்காருங்க ஐயா, தை மாசம் எங்க அக்கா கல்யாணத்துக்கு வாசிச்சீங்களே"ன்னேன். உக்காந்தாரு. என்ன பேசுறதுன்னு தெரியாம, "அன்னிக்குச் சாயங்காலம் பாதியில நிறுத்தினீங்களே, அது என்ன ராகங்க?"ன்னு கேட்டேன்.

அவர் என்னை நிமிந்து பாத்தாரு. "கல்யாணி தம்பி. ஏன், அதைக் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

கிண்டலாக் கேக்கல. நிஜமாவே ஆச்சரியமாக் கேட்டாரு. ஒரு கல்யாண மண்டபத்துல முந்நூறு பேருக்கு நடுவுல வாசிச்சவருக்கு, ஒருத்தன் கேட்டான்கிறதே ஆச்சரியமா இருக்கு. நாமக்கல் வர்றதுக்குள்ள அவர் சொன்னது எனக்கு மூணு வருஷக் காலேஜுல கிடைக்காத பாடம். ஆர்மோனியப் பொட்டியில இருக்கிற மாதிரி கட்டையெல்லாம் நாயனத்துல கிடையாது. விரல் வைக்க ஏழு துளைதான். நடுவுல வர்ற நுணுக்கமான சுரமெல்லாம் உதடும் மூச்சும் பண்ற வேலை. வாயில வைக்கிற சீவாளி, நாணல்ல பக்குவம் பண்ணிக் கட்டினது. வெயில் ஏறினா ஒரு மாதிரி, பனி இறங்கினா ஒரு மாதிரி பேசும். தவில்காரர் வலது கை விரல்ல மாட்டுற கூடும், இடது கைக் குச்சியும் சாமானியப்பட்ட சமாச்சாரம் இல்ல. தஞ்சாவூர்ப் பக்கம் நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்துல செய்யுற நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைச்சதும் அவர் சொல்லித்தான் தெரியும். வாத்தியத்துக்குக் குறியீடு குடுத்தாச்சு. வாசிக்கிறவருக்குப் பாயசம் குடுக்க நமக்கு மனசு வரல.

"அவங்க சினிமாப் பாட்டுத்தான வாசிக்கிறாங்க, இதுல என்ன கலை?"ன்னு ஒருத்தர் கேப்பாரு. சீட்டு எழுதி அனுப்பி சினிமாப் பாட்டு கேக்குறது யாரு? நாமதான். கல்யாணி வாசிச்சப்ப டிஜேவைப் போட்டதும் நாமதான். கேக்க ஆள் இல்லாத இடத்துல கலைஞன் எதை வாசிப்பான்?

திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்துல நாயனக்காரர் சட்டை போடாம நின்னுக்கிட்டே வாசிக்கணும்கிறது வழக்கம். அவர் கிராப்பு வெச்சு, ஷெர்வானி போட்டு, மேடையில உக்காந்து வாசிச்சாரு. அந்த மரியாதை ராஜரத்தினத்துக்கு மட்டும்தான்னு நாம முடிவு பண்ணிட்டோம் போல. ஊர்வலத்துல உச்சி வெயில்ல தார் ரோட்டுல நடந்துக்கிட்டே வாசிக்கிறவருக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுக்க இன்னிக்கும் யாருக்கும் தோணுறதில்ல.

நாயனத்துக்கே இந்த நிலைமைன்னா பறைக்கு என்னன்னு சொல்ல வேண்டியதில்ல. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிச்சப்ப எல்லாரும் ஸ்டேட்டஸ் வெச்சோம். நானும் வெச்சேன். எழவு வீட்டுல அடிக்க வர்றவரை இன்னமும் வாசலுக்கு வெளியதான நிக்க வைக்கிறோம்? ஆடி மாசம் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகையில பம்பை சத்தம் கேட்டா நமக்கு உடம்பு சிலிர்க்குது. அடிக்கிறவர் யாரு, எந்த ஊருன்னு கேட்டிருக்கமா? சாதி இதுல இல்லன்னு யாராச்சும் சொன்னா, அவங்களோட எனக்குப் பேச்சே இல்ல.

அதனால நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. பிரபலமான பாடகரை ஓட்டல்ல பாத்தா அவரைச் சாப்பிட விடுங்க. சொல்ல ஏதாச்சும் இருந்தா, அவர் கை கழுவினப்புறம் போய், எந்தப் பாட்டு எதுக்குப் பிடிக்கும்னு ஒரு வரி சொல்லிட்டு வாங்க. போட்டோ இல்லாட்டி யாரும் நம்ப மாட்டாங்கன்னா நம்பாமப் போகட்டும். உங்க வீட்டு விசேஷத்துக்கு நாயனமும் தவிலும் வந்தா முதல் பந்தியில உக்கார வைங்க. வாசிக்கிற நேரம் ஸ்பீக்கரை அணைங்க. டிரோன்காரர்கிட்ட பேசாத பேரத்தை அவங்ககிட்டயும் பேசாதீங்க. பத்திரிகையில கேட்டரிங் பேரு போடுறோமே, அவங்க பேரையும் போடுங்க.

வர்ற ஆவணியில சித்தப்பா வீட்டுல ஒரு கல்யாணம் இருக்கு. செலவு நோட்டு மறுபடியும் என் கையிலதான். அந்தப் பெரியவரையே பேசியிருக்கோம். அவர் சொன்ன தொகையை அப்படியே எழுதிட்டேன். டிஜே வேணாம்னு சொன்னதுக்கு சித்தப்பா இன்னும் என்கிட்ட சரியாப் பேசல.

டிஸ்கி: அந்த ஓட்டல் போட்டோவை இன்னும் அழிக்கல. அடுத்த தடவை போனைத் தூக்கத் தோணினா எடுத்துப் பாக்கலாம்னு வெச்சிருக்கேன்.