டார்ச் வாங்குமுன் யோசியுங்கள்

பழவேற்காடு ஏரியில் இரவில் வலைக்குச் செல்வோர், கையடக்க எல்.இ.டி. டார்ச் வாங்கும்போது பெட்டியிலுள்ள '400 மீட்டர்' என்ற எண்ணை மட்டும் நம்பக்கூடாது. ஒளி கால் லக்ஸாக, அதாவது ஏறக்குறைய பௌர்ணமி நிலவளவாகக் குறையும் இடமே அந்தத் தூரம். அங்கே வலைக்கழி தெளிவாகத் தெரியாது. சிறிய டார்ச்சில் ஒளியைக் குறுக்கியே தூரத்தைக் கூட்டுகிறார்கள், பக்கங்களில் இருட்டுதான். ஆழம் குறைந்த இந்த ஏரியில் அருகிலுள்ள கழியும் மணல்திட்டும் எதிர்ப்படகும் தெரிவதே முக்கியம். ஐ.பி.எக்ஸ்.7 முத்திரை, 1 மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்குவதற்கே, உப்புநீருக்கு உறுதியல்ல. ஆகவே பரவலான வெளிச்சம், நீர் புகாத மூடி, மாற்றக்கூடிய பாட்டரி ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். கரை திரும்பியதும் நன்னீரில் கழுவித் துடைப்பது நல்லது. இரவில் மடை பார்க்கும் விவசாயிக்கும் தூரத்தைவிட வரப்பு தெரிவதே பெரிது.