பூட்டு ஐம்பது... சாவி ஒண்ணு!

விரல் விட்டு எண்ணுங்க பார்ப்போம். ஜிமெயில், இன்ஸ்டாகிராம், ரயில் டிக்கெட், யூனிவர்சிட்டி போர்ட்டல், ஸ்காலர்ஷிப், பேங்க், ஆன்லைன் ஷாப்பிங், வேலைக்கு அப்ளை பண்ற சைட்... கை விரல் பத்தாது! இத்தனைக்கும் சேர்த்து நம்மில் பல பேர் வெச்சிருக்கிறது ஒரே பாஸ்வேர்டு. ஆளோட பேரு, பின்னாடி பிறந்த வருஷம்!

'ஞாபகம் வெச்சுக்க ஈஸி'ங்கறீங்களா? மார்க் ஸக்கர்பெர்க் கதையைக் கேளுங்க. 2012-ல் லிங்க்டுஇன் தளத்திலிருந்து கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகள் திருடு போயின. 2016 மே மாதம் அந்தப் பட்டியல் கள்ளச் சந்தைக்கு வந்தது. ஜூன் மாதமே, ஃபேஸ்புக்கை உருவாக்கிய ஸக்கர்பெர்க்கின் ட்விட்டர், பின்ட்ரஸ்ட் கணக்குகளுக்குள் வேற ஆட்கள் புகுந்துட்டாங்க. லிங்க்டுஇன் பட்டியலில் கிடைத்த பாஸ்வேர்டை வெச்சுத்தான் திறந்ததாகவும், அது 'டடடா' என்றும் புகுந்தவர்களே சொல்லிக்கொண்டார்கள். ஒரு இடத்துல திருடினா, எல்லா இடத்துலயும் திறக்குது. அவ்ளோதான் டெக்னிக்!

அப்போ ஐம்பது பாஸ்வேர்டை மனப்பாடம் பண்ணணுமா? வேண்டாம். வீட்டுல அம்மா என்ன பண்றாங்க? எல்லாச் சாவியையும் பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டி, பீரோ சாவியை மட்டும் இடுப்புல செருகிக்கிறாங்க. 'பாஸ்வேர்டு மேனேஜர்' என்பது அந்த பீரோதான். கீபாஸ், பிட்வார்டன் ரெண்டையும் காசு கொடுக்காமலே பயன்படுத்தலாம். ஒவ்வொரு தளத்துக்கும் தலைகால் புரியாத தனித்தனி பாஸ்வேர்டை அதுவே உருவாக்கி, உள்ளே வெச்சுக்கும். நீங்க நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு. இன்னொரு லாபமும் உண்டு. பேங்க் மாதிரியே வேஷம் போட்ட போலி தளத்துக்குப் போனா, முகவரி பொருந்தாததால் அது தானாக பாஸ்வேர்டை நிரப்பாது. உங்க கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது!

'பீரோவையே தூக்கிட்டுப் போனா?' நியாயமான கேள்வி. நடந்தும் இருக்கு. 2022-ல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களையே நகல் எடுத்துட்டுப் போனாங்க. அப்படிப் போனால், திருடன் உட்கார்ந்து ஒவ்வொரு சாவியா போட்டுப் பார்ப்பான். சின்ன மாஸ்டர் பாஸ்வேர்டு சீக்கிரம் விழும், நீளமானது தாங்கும்.

நீளமானதை எப்படி உருவாக்குறது? 1995-ல் ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் சொன்ன 'டைஸ்வேர்' முறை இருக்கு. லூடோ டப்பாவில் இருக்கிற பகடையை எடுங்க. ஐந்து முறை உருட்டினால் ஐந்து இலக்க எண் வரும். 7776 சொற்கள் கொண்ட பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரா இருக்கிற சொல்லை எழுதிக்குங்க. இப்படி ஆறு சொல். எத்தனை விதமா அமையலாம் தெரியுமா? 24 இலக்க எண்ணிக்கை! சினிமா பாட்டு, பஞ்ச் டயலாக் வேண்டாம். உங்களுக்குத் தோணுறது திருடனுக்கும் தோணும்.

மூணு எச்சரிக்கை. மாஸ்டர் பாஸ்வேர்டை பிரவுசிங் சென்டரிலோ, காலேஜ் லேப் கம்ப்யூட்டரிலோ அடிக்காதீங்க. தட்டுற எழுத்தையெல்லாம் பதிவு பண்ற மென்பொருள் அதில் ஒளிஞ்சிருக்கலாம். ரெண்டாவது, அதை மறந்தால் பெரும்பாலும் அந்தக் கம்பெனியாலும் திறந்து தர முடியாது. அதனால ஒரு பேப்பரில் எழுதி, வீட்டு பீரோவுக்குள்ள, நிஜ பீரோதான், வெச்சிடுங்க. ஹேக்கரால் அங்கே கை நீட்ட முடியாது. மூணாவது, மெயிலுக்கு 'டூ-ஸ்டெப்' பூட்டும் போடுங்க. மத்த கணக்குகளின் 'ஃபர்காட் பாஸ்வேர்டு' லிங்க் அங்கேதான் வந்து விழுது.

ஐம்பதையும் ஒரே நாளில் மாத்த வேண்டாம். இன்னிக்கு மெயில், நாளைக்கு பேங்க். மிச்சத்தை லாகின் பண்ணும்போதெல்லாம் ஒவ்வொண்ணா மாத்துங்க. ஹால் டிக்கெட் டவுன்லோடு பண்ற அன்னிக்குக் காலையில் மெயில் திறக்கலைன்னா, கூட நின்னு அழ ஃப்ரெண்ட்ஸ் வருவாங்க. ஹால் டிக்கெட் வராது!