நிலம் இல்லாத ஊருக்குத் தோட்டக்கலை எதற்காம்?

சிங்கப்பூரில் விளைநிலம் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. ஆகவே பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலையும் பயிர் அறிவியலும் படிப்பது வீண். வாதம் இதுதான்.

கணக்கு சரி. முடிவு தப்பு.

ஒன்று. பயிர் அறிவியல் என்ன, மண்வெட்டி பிடிக்கும் பயிற்சியா? மரத்தைச் சாகடிக்காமல் ரப்பர் பால் எடுக்கும் முறையை 1890களில் தாவரவியலாளர் ரிட்லி வகுத்தது எங்கே? நம் பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில். மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகியதும், நம்மவர்கள் பால்வெட்டப் போனதும் அதற்குப் பிறகு.

இரண்டு. தேக்கா சந்தைக்குப் போய்ப் பாருங்கள். பழுத்த வாழைத்தாருக்குப் பக்கத்தில் கிடக்கும் கீரைக்கட்டு சீக்கிரம் மஞ்சளடிக்கும். பழம் விடும் எத்திலீன் வாயுவின் வேலை அது. இதுவும் தோட்டக்கலைப் பாடம்தான். எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்குகிற ஊருக்கல்லவா இது கூடுதலாகத் தேவை?

மூன்று. தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகம் 'தெமாசெக் அரிசி' என்றே ஒரு நெல் ரகத்தை உருவாக்கியது. வயலே இல்லாத ஊரில்!

"2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே உற்பத்தி செய்வது என்ற இலக்கையே அரசு 2025இல் மாற்றிவிட்டதே?" மாற்றியது. செலவு கட்டுப்படியாகவில்லை. குறைந்த மின்சாரத்தில் கீரை வளர்க்க வழி கண்டுபிடிக்கப் போவது யார், கணக்காய்வாளரா?