கலைவிழா மட்டும் சங்கம் ஆகாது

மடுல்சீமையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் பதுளைக்கு வரும் பஸ்கள் பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தைத் தாண்டித்தான் டவுனுக்குள் நுழைகின்றன. 2005இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் அது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பை வைத்த பல்கலைக்கழகம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத்து மக்கள். கொழுந்துக் கூடை சுமந்தவர்களின் பிள்ளைகள் இன்று அந்த வாசலுக்குள்ளும், பேராதனை, சப்ரகமுவ, யாழ்ப்பாணம், கிழக்கு என்று மற்ற வாசல்களுக்குள்ளும் போகிறார்கள். போதுமான எண்ணிக்கையில் அல்ல. ஆனாலும் போகிறார்கள்.

மலையகத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை ஒவ்வொரு தேர்தலிலும் மேடையேறுகிறது. நியாயமான கோரிக்கை, நாமும் ஆதரிக்கிறோம். ஆனால் ஏற்கனவே கம்பஸுக்குள் போய்விட்ட பிள்ளைக்கு அங்கே என்ன நடக்கிறது என்று அந்த மேடைகளில் எவரும் கேட்பதில்லை. வெட்டுப்புள்ளி வெளியானதும் தோட்டத்தில் பெனர் கட்டுகிறோம், கோயிலில் மாலை போடுகிறோம், பெட்டியைத் தூக்கிக்கொடுத்து பஸ்ஸில் ஏற்றிவிடுகிறோம். அதோடு நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

அந்தப் பிள்ளை உயர்தரம் வரை படித்தது தமிழில். விரிவுரை நடப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில். வடக்கு, கிழக்குக்கு வெளியே விடுதி, கன்டீன், அலுவலகம், மாணவர் ஒன்றியக் கூட்டம் எல்லாம் பெரும்பாலும் சிங்களத்தில். வீட்டில் யாரிடமும் யோசனை கேட்க முடியாது. அந்த லயத்திலேயே பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அதுதான். இதற்கு மேல் பகிடிவதை. 1997இல் பேராதனைப் பொறியியல் பீட மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டே, பகிடிவதையைத் தடைசெய்யும் 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் பகிடிவதை ஒழியவில்லை என்பது நாடறிந்த விஷயம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "ஊர் எங்கே?" என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் "பதுளை", "பண்டாரவளை" என்று டவுன் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியைச் சிங்கள மாணவர் கேட்கும்போது அல்ல, தமிழ் மாணவர் கேட்கும்போதுதான் குரல் தயங்குகிறது. தோட்டத்தானை இளக்காரமாகச் சொல்லும் வசவு வடக்கிலும் கிழக்கிலும் கொழும்பிலும் தமிழர் வாயில்தான் பிறந்தது. ஆகவே "தமிழ்ச் சங்கம் இருக்கிறதே, போய்ச் சேர்ந்துகொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டால் விஷயம் தீராது.

நமது நிலைப்பாடு இது: மலையக மாணவர் படிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும், முதலில் ஊவா வெல்லஸ்ஸ, தமிழ் பேசும் மாணவர் அமைப்புகளுக்கு நிலையான ஓர் அறையும், வாரத்தில் ஒரு மாலையும், பொறுப்பேற்கும் ஒரு விரிவுரையாளரையும் ஒதுக்கித் தரவேண்டும். அந்த அமைப்புகளும் ஆண்டுக்கொரு விழாவை நம்பி வாழ்வதை நிறுத்தவேண்டும்.

இந்த யோசனைக்கு முன்மாதிரி தேடும்போது நமக்குச் சற்றும் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும் ஒரு சமூகத்திடம் போக வேண்டியிருக்கிறது: யூத மாணவர்கள். ஒக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர்களுக்கு எதிரான மதத் தடைகளை நீக்கிய சட்டம் 1871இல்தான் வந்தது. அமெரிக்காவில் கதவு திறந்திருந்தது. ஆனால் யூதர்கள் அதிகமாக உள்ளே வந்ததும் மூடப் பார்த்தார்கள். 1922இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவர் லோவெல், யூத மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்று பகிரங்கமாகவே யோசனை சொன்னார்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1923இல், இலினோய் பல்கலைக்கழகத்தில் நடந்ததுதான் நமக்கு முக்கியம். சிகாகோவிலிருந்து 200 கிலோமீற்றருக்கு அப்பால், சோள வயல்களுக்கு நடுவே நிற்கும் அரச பல்கலைக்கழகம் அது. அங்கே வந்த யூத மாணவர்களுக்குத் தம் சமூகத்தின் சூழல் என்று ஒன்றும் அமையவில்லை. அவர்கள் தங்கள் மரபைப் பற்றி ஒன்றும் அறியாமல் இருப்பதைக் கண்டு முதலில் கவலைப்பட்டவர் யூதர் அல்லர். பைபிள் இலக்கியம் கற்பித்த எட்வர்ட் சோன்சி போல்ட்வின் என்ற கிறிஸ்தவப் பேராசிரியர். அவர் யூதப் பெரியவர்களைத் தூண்டினார். பெஞ்சமின் ஃபிராங்கல் என்ற இளம் யூத மதகுரு பொறுப்பெடுத்தார். ஹிலெல் என்ற அமைப்பு பிறந்தது. மறு ஆண்டே பினை பிரித் என்ற பெரிய யூத நிறுவனம் அதைத் தத்தெடுத்தது. இன்று உலகெங்கும் நூற்றுக்கணக்கான கம்பஸ்களில் அந்தப் பெயரில் வீடுகள் இருக்கின்றன.

அந்த வீடுகளில் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஓய்வுநாள் பிறக்கிறது. விளக்கு ஏற்றுவார்கள், ரொட்டியைப் பகிர்வார்கள், யூத முறைப்படி சமைத்த இராச் சாப்பாட்டுக்கு உட்காருவார்கள். மேடை இல்லை, பிரதம அதிதி இல்லை. போன வாரம் வராதவன் இந்த வாரம் வரலாம். பரீட்சையில் தவறியவளும் வரலாம். பக்தி உள்ளவனும் இல்லாதவனும் ஒரே மேசையில் உட்காருவார்கள். யூத மாணவர் சங்கங்கள் நூறாண்டு தாக்குப்பிடித்ததற்குப் பணமும் செல்வாக்கும் காரணம் என்று சொல்வோர் உண்டு. பணம் உதவியது உண்மைதான். ஆனால் வாரம் தவறாமல் திரும்பி வரும் அந்த மேசைதான் சங்கத்தைச் சங்கமாக வைத்திருந்தது என்பது நம் கணிப்பு.

நம் பக்கம் திரும்புவோம். பெருமைப்பட நமக்கும் விஷயம் உண்டு. ஐவர் ஜெனிங்ஸ் 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தரானபோது அவர் மனதில் இருந்தது மாணவர் தங்கிப் படிக்கும் கேம்பிரிட்ஜ் மாதிரி. பின்னர் பேராதனையில் அது உருக்கொண்டது. அங்கே தமிழ்ச் சங்கம் 'இளங்கதிர்' என்ற ஆண்டு மலரை வெளியிட்டது. இந்து மாணவர் சங்கம் குறிஞ்சிக்குமரனுக்கு மலைச்சரிவில் கோயில் எழுப்பியது. ஈழத்து இலக்கியத்தில் பின்னர் பெயர் பெற்ற பலர் அந்த மலரில் எழுதிப் பழகியவர்கள்.

இருந்தாலும் நாடு முழுவதும் நம் கம்பஸ் சங்கங்களின் ஆண்டைக் கணக்கிட்டால் என்ன தேறுகிறது? வாணி விழா, ஒரு பொங்கல், ஒரு கலைவிழா. கலைவிழாவுக்கு மூன்று மாதம் ஸ்பொன்சர் தேடி அலைச்சல். பிறகு வரவேற்புரை, பொன்னாடை, சினிமாப் பாட்டுக்கு நடனம், நன்றியுரை. மண்டபம் நிறைந்திருக்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அன்று கிடைப்பது கதிரை அடுக்கும் வேலை. மறுநாள் அது மறுபடியும் தனி. இந்த விஷயத்தில் முஸ்லிம் மாணவர் சங்கங்களான மஜ்லிஸ்கள் நம்மைவிடத் தேறியவை: ஜும்ஆ வாரந்தோறும் வருகிறது, ரமழானில் நோன்பு திறப்பு நாள்தோறும் வருகிறது, ஆகவே ஆட்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்கிறார்கள்.

இந்த யோசனைக்கு எழும் முதல் ஆட்சேபம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பல்கலைக்கழகத்தில் மாணவன் என்ற ஒரே இனம் போதாதா, எதற்கு இனத்துக்கொரு சங்கம்? இடதுசாரி மாணவர் ஒன்றியங்கள் இதை வர்க்க ஒற்றுமையின் பெயரில் கேட்கின்றன. நிர்வாகங்கள் ஒழுங்கின் பெயரில் கேட்கின்றன. இதற்கும் யூதர் வரலாறே பதில் சொல்கிறது. போலந்துப் பல்கலைக்கழகங்களில் 1937இல் யூத மாணவர் வகுப்பின் இடப்பக்கத்தில் தனி வாங்கில்தான் இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். அந்த வாங்கில் இருக்க மறுத்துப் பலர் விரிவுரை முடியும்வரை நின்றே கேட்டார்கள். சில போலந்துப் பேராசிரியர்களும் அவர்களோடு நின்றார்கள். பிறர் பிரித்து வைப்பது அது. மாலையில் தாமாக விரும்பி ஒரு மேசையைச் சுற்றிக் கூடுவது வேறு. மாலையில் அப்படி ஓர் இடம் இருக்கும் மாணவன்தான் பகலில் வகுப்பில் தைரியமாகக் கையுயர்த்துகிறான். பொது ஒன்றியத்தில் பதவி கேட்கவும் அவனுக்குத்தான் துணிவு வரும்.

இரண்டாவது தடை வீட்டிலிருந்தே வருகிறது. "சங்கம் கிங்கம் என்று போகாதே, படிப்பைப் பார்." இப்படிச் சொல்லும் தாய் தகப்பனை நாம் குறை சொல்லமாட்டோம். பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 ஒக்டோபர் 25ஆந் திகதி 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டதை ஊவா மறக்கவில்லை. 2019 மே மாதத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் தலைவரும் செயலாளரும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார்கள். தமிழ்ப் பிள்ளைகள் நாலுபேர் கூடினாலே சந்தேகம் விழும் நாட்டில் பெற்றோர் பயப்படுவது இயல்பு. அதனால்தான் இந்த அமைப்புகள் யாருக்கும் தெரியாத போடிங் அறைகளில் அல்லாமல் பல்கலைக்கழகத்தின் அறையில், நிர்வாகத்தின் பதிவேட்டில், விரிவுரையாளரின் பொறுப்பில் கூடவேண்டும் என்கிறோம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் மாணவர் அமைப்புகளை முறையாக அங்கீகரிக்க வழி இருக்கிறது. புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

யூத சங்கங்களைப் பற்றிப் பேசிவிட்டு காஸாவைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மை ஆகாது. அங்கே நடந்த அழிவைக் கண்டு கொதிக்கும் வாசகர்கள், குறிப்பாக நம் முஸ்லிம் வாசகர்கள், இந்த உதாரணத்தையே வெறுக்கலாம். ஹிலெலுக்குள்ளேயே இதில் முரண்பாடு எழுந்தது. அதன் தலைமையகம் இஸ்ரேல் விஷயத்தில் யாரை மேடையேற்றலாம், யாரை ஏற்றக்கூடாது என்று விதி வகுத்தது. 2013 டிசம்பரில் ஸ்வார்த்மோர் கல்லூரியின் யூத மாணவர்கள் அந்த விதிக்குக் கட்டுப்படமாட்டோம் என்று அறிவித்தார்கள். 2015இல் ஹிலெல் என்ற பெயரையே கைவிட்டார்கள். வெளியிலிருந்து பணமும் கொள்கையும் வந்தால் மேசையில் யார் உட்காரலாம் என்பதையும் வெளியிலிருப்பவரே முடிவு செய்வார்.

இந்தப் பாடம் பதுளைக்கு நேரடியாகப் பொருந்தும். மலையகத்தில் ஒரு சங்கம் பதிவானதும் முதலில் வந்து நிற்பவை தொழிற்சங்கங்களும் அவற்றின் கட்சிகளும். ஒலிபெருக்கி தருவார்கள், ரீசேர்ட் அடித்துத் தருவார்கள். அடுத்த மே தினத்தில் அந்த ரீசேர்ட்டோடு மாணவர்கள் ஊர்வலத்தில் நிற்க வேண்டும். புலம்பெயர்ந்தோர் நிதிக்கும் இதே எச்சரிக்கை. தனி மாணவருக்குப் புலமைப்பரிசில் கொடுக்கட்டும், மடிகணினி வாங்கிக் கொடுக்கட்டும், நன்றி. சங்கத்தின் செலவு மாணவர் சந்தாவுக்குள்ளும் பல்கலைக்கழகத்தின் சிறு ஒதுக்கீட்டுக்குள்ளும் அடங்கவேண்டும். வாரம் ஒருமுறை பிளேன்டீயும் வடையும் ஸ்பொன்சர் தேடவேண்டிய செலவு அல்ல.

வெள்ளிக்கிழமையே வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. யூதர்களுக்கு அது ஓய்வுநாள். ஊவா வெல்லஸ்ஸவில் படிக்கும் பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பிள்ளைகள் வெள்ளி மாலை வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவார்கள். அங்கே புதன்கிழமைதான் சரிப்படும். எந்த நாளானாலும் அது மாறாமல் இருக்கவேண்டும். அந்த மாலையில் விரிவுரைக் குறிப்பை ஆங்கிலத்திலிருந்து தமிழில் விளங்கப்படுத்தலாம், மகாபொல புலமைப்பரிசில் விண்ணப்பம் நிரப்பலாம், சிங்களம் பேசிப் பழகலாம், ஒன்றும் செய்யாமல் கதைத்துக்கொண்டும் இருக்கலாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை லுணுகலையிலோ பூனாகலையிலோ உயர்தர மாணவர்களுக்கு விஞ்ஞான, கணித வகுப்பு நடத்தப் புறப்பட்டால் நல்லது. ஊவாவின் தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளில் இந்தப் பாடங்களுக்கு ஆசிரியர் தட்டுப்பாடு எவ்வளவு என்பதைப் பெற்றோரிடம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

சங்கங்களிடம் இரண்டு நிபந்தனை வைக்கிறோம். பகிடிவதையில் பங்கெடுத்த எவரும் நிர்வாகக் குழுவில் இருக்கக்கூடாது. சீனியர் தமிழனே ஜூனியர் தமிழனை முழங்காலில் நிறுத்தும் இடத்தில் "நம்ம பிள்ளைகள்" என்ற பேச்சுக்குப் பொருளில்லை. அடுத்தது, இந்து என்றோ யாழ்ப்பாணம் என்றோ ஒரு பக்கம் சாயாமல், தோட்டத்துக் கிறிஸ்தவப் பிள்ளைக்கும் வெலிமடை முஸ்லிம் பிள்ளைக்கும் அங்கே கதிரை இருக்கவேண்டும். சிங்கள நண்பன் தேநீருக்கு வந்தால் அவனுக்கும்.

உபவேந்தர்களிடம் கேட்பது இதைவிட எளிது. மாலை ஐந்து மணிக்குப் பிறகு வெறுமையாகக் கிடக்கும் வகுப்பறைகள் எல்லா வளாகத்திலும் உண்டு. அதில் ஒன்றின் சாவி. ஆண்டு வரவுசெலவில் ஒரு சிறு தொகை. பதிவு நாளன்று தமிழில் விளங்கப்படுத்த ஒருவர். பிறகு சங்கத்தின் பொறுப்பை ஏற்கும் விரிவுரையாளராக ஒரு பெரும் பொருளாளர். அவர் தமிழராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. இலினோயில் முதல் அக்கறை ஒரு கிறிஸ்தவப் பேராசிரியரிடமிருந்து வந்ததுபோல் பதுளையில் ஒரு சிங்கள விரிவுரையாளர் முன்வந்து "நான் இருக்கிறேன்" என்று சொன்னால், மலையகப் பெற்றோரின் பயம் பாதி அன்றே தீரும். அடுத்த தொகுதி மாணவர் பெட்டியோடு வந்து இறங்குவதற்கு முன் இந்த நான்கையும் செய்து முடிக்கலாம்.