அதிர்ச்சி மட்டும் போரை நிறுத்துமா?

வியட்நாம் போரைப் புகைப்படங்களே நிறுத்தின என்பார் பலர் உளர். 1968 பெப்ரவரி 1 இல், சைகோன் வீதியிலே கைகள் கட்டப்பட்ட கைதியைப் பொலிஸ் அதிபர் தலையிற் சுட்ட படம். மைலாய்க் கிராமத்துப் பிணக்குவியலின் படம். 1972 யூன் 8 இல், நேபாம் தீயில் உடல் கருகி ஆடையின்றி ஓடிவந்த சிறுமியின் படம். இவற்றைக் கண்டு அமெரிக்க மக்களின் மனச்சாட்சி விழித்ததாம், போர் முடிந்ததாம்! கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால், இதனை நம்புவோர் அடுத்த போரிலே கைகட்டி நிற்பர். கொடுமை முற்றினால் மக்கள் தாமே விழிப்பர் எனக் காத்திருப்பர். ஆகவே இக்கதையை மறுப்பது நமது கடமையாகும்.

வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறு என்று 1965 ஓகஸ்டிற் கலப் கருத்துக்கணிப்பிற் கூறிய அமெரிக்கர் நூற்றுக்கு 24 பேர். 1967 ஒக்டோபரில் அத்தொகை 47 ஆயிற்று. தவறன்று என்றோர் 44 பேரே. மேற்கூறிய படங்களுள் ஒன்றேனும் அன்று எடுக்கப்படவில்லை. அங்ஙனமாயின் மக்கள் மனத்தை மாற்றியவை எவை? வீடு வந்து சேர்ந்த சவப்பெட்டிகள். சர்வகலாசாலை மாணவனுக்குச் சலுகையும் தொழிலாளியின் மகனுக்குத் துப்பாக்கியும் கொடுத்த கட்டாய இராணுவ சேவை. யாவற்றினும் மேலாக, பணிய மறுத்த வியட்நாமிய மக்களின் உறுதி. இவற்றின் பொருளை எடுத்துரைக்கவும் ஆட்கள் இருந்தனர். 1965 மார்ச்சில் மிச்சிகன் சர்வகலாசாலை ஆசிரியர்கள், மாணவரோடு இரவு முழுவதும் விழித்திருந்து போரைப் பற்றி விவாதித்தனர். அவ்வழக்கம் பிற சர்வகலாசாலைகளுக்கும் விரைவிற் பரவியது.

அதிர்ச்சிக்குப் பங்கே இல்லை என்று நாம் கூறவில்லை. போரின் முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என 1967 நவம்பரிலே தளபதி வெஸ்ட்மோர்லண்ட் கூறினார். இரண்டு மாதங்களில், தெற் புத்தாண்டு நாளையொட்டி, தென் வியட்நாமின் நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களும் பட்டினங்களும் தாக்கப்பட்டன. சைகோனிலிருந்த அமெரிக்கத் தூதரக வளவினுள்ளும் போராளிகள் புகுந்தனர். அரசின் பொய் அம்பலமாயிற்று. மார்ச் 31 இல், மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று ஜனாதிபதி ஜோன்சன் அறிவித்தார். முன்னரே ஐயங்கொண்டிருந்த மக்களுக்கு அந்த அதிர்ச்சி சான்றாக அமைந்தது.

ஐயம் எழாத நெஞ்சை அதிர்ச்சி என்ன செய்யும்? மைலாயைப் பாருங்கள். 1968 மார்ச் 16 இல் அங்கே கொல்லப்பட்டோர், வியட்நாமியர் கணக்கின்படி, 504 பேர். பெண்கள், முதியோர், கைக்குழந்தைகள். இருபது மாதங்கள் மறைக்கப்பட்ட உண்மை 1969 நவம்பரில் வெளிவந்தது. 1971 இல் லெப்டினன்ட் கலி குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டபோதோ, நூற்றுக்கு 79 அமெரிக்கர் அத்தீர்ப்பை ஏற்கவில்லை! மேலதிகாரிகள் தப்பிவிட்டனரே என்று கொதித்தோர் அவருட் சிலர். கொலைஞனையே வீரனாகப் போற்றியோரும் உளர். பிணங்கள் ஒன்றே, அவற்றைக் கண்டோர் கொண்ட பொருளோ வேறு வேறு. சிறுமியின் படம் வெளியான 1972 இலோ, ஒரு காலத்தில் ஐந்து இலட்சத்தைத் தாண்டியிருந்த அமெரிக்கப் படை ஓர் இலட்சத்துக்கும் கீழே சுருங்கியிருந்தது.

இன்று போர்க்களத்தின் படங்கள் கைத்தொலைபேசியிலே நாள்தோறும் வந்து குவிகின்றன. போர்கள் நின்றபாடில்லை. கண்ணீர் வடித்தவன் மறுநாள் அடுத்த படத்தைப் பார்க்கிறான். இந்தப் போரால் இலாபம் அடைபவர் யார், சாவதற்கு அனுப்பப்படுபவர் யார், பொய்யுரைப்பவர் யார் என்று கேட்கப் பழகாதவனுக்குப் படம் வெறும் படமே.

அந்தக் கேள்விகளைக் கேட்கப் பழக்குவது ஆசிரியர் தொழில். துணிந்து கேட்பது மாணவர் உரிமை. மக்களை விழிப்பிக்க இன்னொரு மைலாய் வேண்டுமென்று காத்திருப்பவன், பிணங்களுக்காகவே காத்திருக்கிறான். பிணம் விழுமுன்னரே பேசுவோம்.